ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்க் ஒன்றாக விழுந்தால் டேட்டா போச்சா?

நான்கு டிஸ்க் லினக்ஸ் ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாக இணைத்து, ஒன்று போனாலும் டேட்டா தங்கும்படி வைக்கும் முறை), அதில் இரண்டு 'ஃபெயில்டு' என்று காட்டுகிறது, மீட்க முடியுமா என்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் செத்திருந்தால், முதலில் கேபிளையும் பவர் சப்ளையையும் கன்ட்ரோலரையும்தான் சந்தேகப்படுவேன்.

தயவுசெய்து எம்டிஏடிஎம்-இன் (mdadm, லினக்ஸில் ரெய்டைக் கையாளும் கருவி) 'கிரியேட்' கட்டளை பக்கம் போகாதீர்கள், அது ரெய்டைப் புதிதாக உருவாக்குவது. இணையத்தில் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் டிஸ்க் வரிசையோ சங்க் (டேட்டாவைப் பிரித்து எழுதும் துண்டு) அளவோ டேட்டா தொடங்கும் இடமோ பழையபடி அமையாவிட்டால், பிழைத்திருந்ததும் கெட்டுவிடும்.

எம்டிஏடிஎம்-இன் 'எக்ஸாமின்' கொடுத்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் 'ஈவென்ட்ஸ்' எண்ணை (ரெய்டில் மாற்றம் நடக்கும்போது கூடிக்கொண்டே போகும் எண்) பாருங்கள். எண் ரொம்பப் பின்தங்கியிருப்பது எப்போதோ கழன்றுபோனது, அதில் இருப்பது பழைய டேட்டா, அதைத் தொடவேண்டாம். எண் நெருக்கமாக உள்ள மூன்றே போதும். அவற்றில் ஏதாவது படிக்கும்போது பிழை காட்டினால் முதலில் டிடிரெஸ்க்யூவால் (ddrescue, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் கருவி) புது டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலை வைத்தே வேலை செய்யுங்கள். அப்புறம் அர்ரேயை (இந்த டிஸ்க் தொகுப்பை) நிறுத்தி, அந்த மூன்றை மட்டும் கொடுத்து எம்டிஏடிஎம்-இன் 'அசெம்பிள்' (இருக்கும் டிஸ்க்குகளை மறுபடி சேர்த்து இயக்கும் கட்டளை), கூடவே 'ஃபோர்ஸ்' (எண் சற்று வேறுபட்டாலும் ஏற்கச் சொல்வது).

எழுந்துவிட்டால் சரி, ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து டேட்டாவை வெளியே நகலெடுங்கள். நாலாவது டிஸ்க்கைச் சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் ரீபில்ட் (நாலாவதில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) மற்ற எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் படிக்கும், நொந்துபோன டிஸ்க் அப்போதுதான் கையை விரிக்கும்.