கோபாலுக்குக் கல்லறை, மகனுக்குச் சிரிப்பு

கேள்வி: என் மகன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராமர். லீவுக்கு வந்திருந்தான். டிவியில் 'இனி புரோகிராமர்களே தேவையில்லை, எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடும்' என்று செய்தி ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ விழுந்து விழுந்து சிரிக்கிறான். போன வருஷங்களில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் நின்றுபோனபோதும் இதே சிரிப்புதான். இவர்களுக்கு எல்லாமே விளையாட்டா? இது தெனாவட்டா, பயமா?
(ஒரு தாய், திருச்சி)

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் அம்மா. மீதி முக்கால்வாசி, ஞாபகசக்தி.

அந்தச் செய்தி புதுசு என்று டிவிக்காரர் நினைக்கிறார். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தாத்தா காலத்துச் செய்தி. 1959இல் அமெரிக்காவில் ஒரு குழு கூடி, புதிதாக ஒரு கணினி மொழியை உருவாக்க உட்கார்ந்தது. ஆங்கில வாக்கியம் போலவே இருக்க வேண்டும், மேலாளர்கூடப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். மொழியின் பெயர் கோபால் (COBOL). தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய! குழுவின் வேலை ஜவ்வாக இழுத்ததில் வெறுத்துப்போன உறுப்பினர் ஒருவர், ஹோவர்ட் பிராம்பெர்க் என்பவர், 1960இல் ஒரு கல்லறைக் கல்லை விலைக்கு வாங்கி, அதில் 'கோபால்' என்று பெயர் வெட்டி, பென்டகனில் இருந்த பொறுப்பாளருக்குப் பார்சலில் அனுப்பிவைத்தார். பிள்ளை முழுசாகப் பிறப்பதற்குள் கருமாதி. அந்தக் கல் இப்போது கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோபால் சாகவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, நியூஜெர்சி மாநில ஆளுநர் டிவியில் தோன்றி, கோபால் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உதவிக்கு வாருங்கள் என்று கேட்டார். மாநிலத்தின் கம்ப்யூட்டர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் பழையவை. அவற்றின் பாஷை தெரிந்தவர்களோ ஓய்வுபெற்றுத் தோட்டவேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்ததால் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணக்கு குழம்பிவிடும் என்று அமெரிக்கக் கம்பெனிகள் அலறியபோது, கோபாலைத் தூசு தட்டிச் சரிசெய்யும் வேலை நம்மூர்ப் பிள்ளைகளுக்குத்தான் நிறைய வந்தது. நம் சாஃப்ட்வேர் தொழில் தலையெடுக்க அது ஒரு பெரிய ஏணி. உங்கள் மகன் இன்று உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

1981இல் இங்கிலாந்தில் ஒரு சாஃப்ட்வேர் விற்பனைக்கு வந்தது. அது கேள்வி கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் புரோகிராமைத் தானே எழுதிவிடும். இனி யாரும் புரோகிராம் எழுத வேண்டியதில்லை என்ற பொருளில் அதற்கு 'தி லாஸ்ட் ஒன்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசி! அதற்கப்புறம் எழுதப்பட்டவற்றை எண்ண யாராலும் முடியாது. 2024 பிப்ரவரியில் துபாய் மேடையில் ஏஐக்கான சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், யாரும் புரோகிராம் எழுத வேண்டியிராத நிலையை உருவாக்குவதுதான் எங்கள் வேலை என்று சொன்னபோது, பழைய ஆட்களுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, உலகமே நின்றுபோன விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்மூர் நேரம் காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம், விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் காவலுக்கு இருக்கும் தன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. காவல்காரனிடம் 20 தகவல் மட்டும் எதிர்பார்க்கும் புரோகிராம் இருந்தது, வந்தது 21. 21ஆவதைத் தேடி இல்லாத இடத்தில் கை விட்டுத் துழாவினான், வீடே இடிந்தது. 78 நிமிஷத்தில் தவறை உணர்ந்து அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. படுத்ததைத் தூரத்தில் இருந்து எழுப்ப வழியில்லை. பெரும்பாலானவற்றை ஆள் நேரில் போய், ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு குறிப்பிட்ட ஃபைலை அழித்து எழுப்ப வேண்டியிருந்தது. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று உங்கள் மகன் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. 'வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே' என்பது அந்தத் தொழிலில் ராகுகாலம் போல. மாற்றினால் சனி ஞாயிறு போச்சு. 'இன்று எனக்கு இங்கே முதல் நாள். சின்ன அப்டேட் ஒன்று அனுப்பினேன், மதியம் லீவு' என்று ஒரு குறும்புக்காரர் போட்ட பொய்ப் பதிவைப் பலர் நிஜம் என்றே நம்பினார்கள். ஆனால் அந்த ஜோக்கை உரித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? ஒரே ஆள் அனுப்பும் ஒரு ஃபைல், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாமல், ஒரே நேரத்தில் உலகம் முழுக்கப் போகலாமா என்ற கேள்வி. பிற்பாடு அந்த நிறுவனமே வெளியிட்ட அறிக்கையில், இனி படிப்படியாகத்தான் அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். மீம் முதல் நாளே சொன்னதை அறிக்கை சொல்ல நாள் எடுத்தது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, சொல்லாமல் விட மனசில்லை. ராப்பகலாக உழைத்த கூட்டாளிகளுக்கு நன்றி சொல்ல, அந்த நிறுவனம் பத்து டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பியது. சிலர் ஆசையாகப் போட்டுப் பார்த்தால் 'ரத்தாகிவிட்டது' என்று வந்தது. ஒரே கூப்பனை இத்தனை பேர் பயன்படுத்துவது மோசடியாக இருக்கும் என்று அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் முடிவுசெய்துவிட்டது! அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் ஹேக்கர்கள் கூடும் மாநாட்டில் 'மகா சொதப்பல்' விருதை அவர்களுக்குக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பிரசிடென்ட்டே மேடையேறி வாங்கிக்கொண்டு, வேலைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி இதை அலுவலகத்தில் வைப்பேன் என்றார். நம் ஊரில் பாலம் இடிந்தால் அப்படி வாங்க ஓர் அதிகாரி வருவாரா?

எதையும் விளையாட்டாக எடுப்பவர்கள் என்றீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற புரோகிராமர், வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தன் கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து லாகின் ஆக அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை விநாடி! நீங்களும் நானும் அதற்குள் கொட்டாவிகூட விட்டிருக்க மாட்டோம். அவர் விடாமல் நோண்டினார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர்களில் பரவலாக இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறிய சாஃப்ட்வேருக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. வைத்த ஆள், ஜியா டான் என்ற புனைபெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, அந்தச் சாஃப்ட்வேரைத் தனியாளாகப் பராமரித்துச் சோர்ந்துபோயிருந்தவரின் நம்பிக்கையைப் பெற்றவர். அது பரவியிருந்தால் கிரவுட்ஸ்ட்ரைக் எல்லாம் தூசு. இப்படி வேலை பார்க்கிறவர்களுக்குச் சிரிக்கக் கொஞ்சம் உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கேலி அவர்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இணையத்தின் விதிகளை எழுதும் வரிசையில் 1990 ஏப்ரல் 1 அன்று ஒரு விதி வந்தது: புறாவின் காலில் கட்டித் தகவல் அனுப்புவது எப்படி என்று, சுத்தமான சட்ட நடையில். 2001இல் நார்வேயின் பெர்கன் நகரத்துக்காரர்கள் நிஜமாகவே புறா விட்டுச் சோதித்தார்கள். ஒன்பது தகவல் அனுப்பினார்கள், நான்குக்குத்தான் பதில் வந்தது. அதில் சீக்கிரம் வந்ததற்கே ஐம்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது. என் வீட்டு பிராட்பேண்ட் மழை நாளில் இதைவிட மோசம்.

இப்போது ஏஐ. 2025 ஜூலையில் ஒரு தொழிலதிபர் ரெப்லிட் என்ற ஏஐ கருவியை வைத்து ஆசை ஆசையாகச் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார். 'எதையும் தொடாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லியும், அது புழக்கத்தில் இருந்த டேட்டாபேஸை, அதாவது தகவல் கிடங்கை, அழித்துவிட்டது. கேட்டால், 'பதறிவிட்டேன்' என்றது. பழையபடி மீட்க முடியாது என்றும் சொன்னது, மீட்க முடிந்தது. புரோகிராமர்கள் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டுமா? வேலைக்குச் சேர்ந்த புதுசில் தாங்கள் செய்த தப்பும் சொன்ன சாக்கும் வரிக்கு வரி அப்படியே இருந்ததுதான் காரணம்.

இதுவரை உங்கள் மகன் பக்கம் பேசினேன். இனி அவனுக்கு. அதே ஜூலையில் ஓர் ஆய்வு முடிவு வந்தது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்களுக்கு, அவர்கள் நன்றாக அறிந்த புரோகிராம்களிலேயே வேலை கொடுத்து, சில வேலைகளுக்கு ஏஐயைப் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குக் கூடாது என்று வைத்தார்கள். ஏஐ இருந்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. இதை மட்டும் சொல்லிச் சிரிப்பவர்கள் அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள்: வேலை முடிந்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். கருவியை அளக்கத் தெரியாதது கருவியின் குற்றம் இல்லையே. அதே மாதத்தில்தான் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு ஏஐ காரணமில்லை என்று நிறுவனம் சொன்னது. காரணம் எதுவானாலும், அந்தச் செய்திக்கு மீம் போட்டால் நான் சிரிக்க மாட்டேன்.

எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் டிடிபி வந்த புதிதில், அந்தக் கம்ப்யூட்டர் 'கொ'வின் கொம்பை ஒரு வரியிலும் காலை அடுத்த வரியிலும் போட்டது. அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்: 'இந்தப் பெட்டிக்குத் துணைக்கால் போடத் தெரியலை, இது எங்கே நடக்கப்போவுது?' ஜோக் நல்ல ஜோக். சொன்னது அன்றைக்கு உண்மையும்கூட. இரண்டே வருஷத்தில் பெட்டி துணைக்கால் போடக் கற்றுக்கொண்டது. எழுத்துப் பெட்டிகளை எடைக்குப் போட்ட அன்று அவர் வேலைக்கு வரவில்லை. 1980களில் வங்கி ஊழியர்கள் கம்ப்யூட்டருக்கு எதிராகக் கொடி பிடித்தபோது நாமெல்லாம் அவர்களைப் பழசு என்று கிண்டல் செய்தோம். புலி வருது கதையில் கடைசியில் புலி வந்தது என்பதை உங்கள் மகனிடம் ஒரு தடவை சொல்லிவையுங்கள். கோபால் கதையை மட்டும் அவன் நம்பினால் பாதிதான் தெரிந்தவன் ஆவான்.

மற்றபடி, அவன் சிரிக்கும்போது நீங்கள் சோற்றைத் தள்ளிவைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்து, எடுத்துப் பேசியவன் முகத்தில் சிரிப்பைக் காணோம் என்றால், எதுவும் கேட்காமல் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஃபிளாஸ்கில் காபி போட்டுக் கொடுங்கள். எழுந்து வர ராத்திரி ரெண்டு மணி ஆகும்.