ஈ-ரீடர் வாங்கலாமுங்களா?

கேள்வி: ஏனுங்க, ஈரோடு புத்தகத் திருவிழாவுல வருசா வருசம் அள்ளிட்டு வர்றத வெக்கறதுக்கு ஊட்டுல எடமில்லீங்க. அமேசானோட கிண்டில், அதான் புஸ்தகம் படிக்கற மெஷின், ஒண்ணு வாங்கிரலாம்னு பாத்தா வெச்சிருக்கறவங்க ஆளாளுக்கு ஒரு கொறை சொல்றாங்க. வாங்கோணுமா வேண்டாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மெஷின் நல்ல மெஷின்தானுங்க. உள்ள கறுப்பு வெள்ளை துகளுக மின்சாரத்துல மேலயும் கீழயும் போயி எழுத்தா நிக்குது, பக்கம் திருப்பறப்பதான் கரண்ட்டே தின்னும், அதனாலதான் சார்ஜ் வாரக்கணக்குல வருது, வெயில்ல திண்ணைல உக்காந்தும் படிக்கலாம். வம்பெல்லாம் அதுக்கு புஸ்தகம் விக்கற ஆன்லைன் கடைலதான் இருக்குதுங்க. 2007ல அமெரிக்காவுல 399 டாலருக்கு வந்த கிண்டில் 2009லயே நூறு நாட்டுக்கு மேல பார்சல் போக ஆரம்பிச்சிருச்சு, நமக்குன்னு கடை தொறந்தது 2012ல, அதுல தமிழ் புஸ்தகத்துக்கு தனியா எடம் குடுத்தது 2016 கடைசிலதான். பொட்டி முன்னாடி வந்துருது, பாஷை மெதுவா நடந்து வருது.

வந்த கடை நிக்கும்னும் சொல்ல முடியாதுங்க. சோனி 2014ல அமெரிக்காவுல ஈ-புக் கடைய மூடிருச்சு, நூக்னு இன்னொரு ரீடர் 2016ல இங்கிலாந்துல இருந்து கெளம்பிருச்சு, சீனாவுல கிண்டில் கடை 2023ல மூடியாச்சு. 2009ல உரிமை தகராறுன்னு சொல்லி ஜனங்க காசு குடுத்து வாங்குன புஸ்தகத்த அவங்க மெஷின்ல இருந்தே அமேசான் அழிச்சு, அப்பறம் அந்த கம்பெனிய ஆரம்பிச்ச பெஸோஸே மன்னிப்பு கேட்டாரு. 2025 பிப்ரவரில இருந்து வாங்குன புஸ்தகத்த கம்ப்யூட்டர்ல எறக்கி யூ.எஸ்.பி.ல ஏத்தற வசதியையும் எடுத்துட்டாங்க. அதுனால ஒண்ணு பண்ணுங்க, கடைசியா திருவிழாவுல வாங்குன பத்து புஸ்தகத்தோட பேர அந்த கடைல தேடிப் பாருங்க. பாதிக்கு மேல இருந்தா வாங்குங்க, ரெண்டு மூணுதான் இருக்குதுன்னா அந்த காசுல ஒரு பீரோ வாங்கிருங்க.

கேள்வி: நெட்டுல எறக்குன தமிழ் பி.டி.எஃப். எல்லாம் ரீடர்ல எறும்பு ஊர்றாப்ல தெரியுது. பெருசு பண்ணுனா வரி பாதிலயே நின்னுக்குது. மெஷின் கோளாறுங்களா?
– வாசகி, தாராபுரம்

பதில்: இல்லீங்க, ஏ4 பக்கத்த ஆறு இஞ்ச்ல அடக்குனா யாரு மெஷினா இருந்தாலும் அப்படித்தான். ஸ்கேன் பண்ணுன புஸ்தகம்னா அது போட்டோதான, எழுத்த மட்டும் தனியா பெருசாக்க வராது, ரீடர குறுக்கால திருப்பி அகலமா வெச்சு படிங்க, கொஞ்சம் தேவல. சில ஃபைல மாத்துனா கன்னாபின்னான்னு ஆங்கில எழுத்தா வரும், அது இப்ப எல்லா மெஷினும் படிக்கற யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்சது, அத விட்டுருங்க. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல, எழுத்த பெருசாக்குனா வரி தானா மடங்கிக்கற ஈபப் ஃபைலும் இருக்குது, ஆறு இஞ்ச் ஸ்கிரீனுக்குன்னே போட்ட பி.டி.எஃப்.பும் இருக்குது. பழைய இலக்கியம்னா மதுரைத் திட்டம்னு ஒரு தளம், 1998ல இருந்து சும்மாவே குடுக்கறாங்க.

கேள்வி: பசங்களுக்கு காமிக்ஸ் படிக்க கலர் ரீடர் வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பனியன் கம்பெனி கேட்லாக் மாதிரி பளிச்சுன்னு இருக்கும்னு நெனச்சு வாங்கிராதீங்க. கறுப்பு வெள்ளைக்கு இஞ்ச்சுக்கு 300 புள்ளி, கலருக்கு 150தான், மேல ஒரு ஃபில்டர் வேற இருக்கறதால ஸ்கிரீனே கொஞ்சம் மங்கலா தெரியும். 2024ல கிண்டில் கலர்சாஃப்ட் வந்தப்ப ஸ்கிரீன் அடில மஞ்சளா பட்டை தெரியுதுன்னு வாங்குனவங்க கத்துன கத்துல கம்பெனியே எறங்கி வந்து சரி பண்ணுச்சு. காமிக்ஸுக்கு டேப்லெட் போதுமுங்க.

கேள்வி: மக கனடாவுல இருந்து குடுத்தனுப்புன ரீடர் மேல பேரன் உக்காந்துட்டான், பாதி ஸ்கிரீன்ல கோடு கோடா நிக்குது. கோயமுத்தூர்ல செல்போன் கடைக்காரரு பாத்துட்டு கையெடுத்து கும்புட்டுட்டாரு.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: அவரு மேல தப்பில்லீங்கக்கா. மேல தொட்டா பிளாஸ்டிக்காட்ட இருக்கும், முக்காவாசி ரீடர்ல அதுக்கு அடில மெல்லிசா ஒரு கண்ணாடி, அது வெடிச்சா ஸ்கிரீனையே மாத்தோணும். வாரண்டி பெரும்பாலும் வாங்குன நாட்டோட சரி, அதுவும் உக்காந்து ஒடச்சதுக்கு எங்கயும் தரமாட்டாங்க. கோபோன்னு ஒரு ரீடர் கம்பெனி 2024ல, நாமளே ரிப்பேர் பண்ண பார்ட்ஸ் விக்கற ஐஃபிக்ஸிட்கூட சேர்ந்து சில மாடலுக்கு பார்ட்ஸ் விக்க ஆரம்பிச்சுது. உங்கள்து எந்த மாடல்னு பாத்து மகளையே வெசாரிக்கச் சொல்லுங்க, ஸ்கிரீன் வெல கூடுதல்னா புதுசே வாங்கிக்கலாம். மெஷின் ஒடஞ்சதால ஆன்லைன் கடைல வாங்குன புஸ்தகம் எங்கயும் போகாது, அதே அக்கவுண்ட்ட போன் ஆப்புல போட்டா வந்துரும்ங்க.