ஒரே ‘கால்’, இரண்டு ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப் பொருளைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். வாக்கியத்தில் மட்டும் மாற்றிப் போடுகிறாள். எப்படி விளக்குவது?

பதில்: மனப்பாடத்தில் குறையில்லை. தமிழில் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரிகிறது. ‘லெக்’, ‘ஃபுட்’ இரண்டுக்கும் ‘கால்’ என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை எதை எங்கே போடும்? தொடையிலிருந்து கணுக்கால் வரை ‘லெக்’. அதற்குக் கீழே செருப்புக்குள் நுழைகிற பகுதி ‘ஃபுட்’. தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். அப்படியே கைவிரல் ‘ஃபிங்கர்’, கால்விரல் ‘டோ’.

வினைச்சொற்கள்தான் அதிகம் படுத்தும். ‘கேள்’ என்பதற்குள் மூன்று சொற்கள் இருக்கின்றன. விடை வேண்டிக் கேட்பது ‘ஆஸ்க்’. மற்ற இரண்டையும் செய்தே காட்டலாம். மகளைக் கண்ணை மூடச் சொல்லி, மேசையை ஸ்பூனால் தட்டுங்கள். சத்தம் தானாகக் காதில் விழுந்தது, அது ‘ஹியர்’. “எத்தனை தடவை தட்டுகிறேன், எண்ணு” என்று சொல்லிவிட்டு மறுபடி தட்டுங்கள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாளே, அது ‘லிசன்’.

‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் ‘கடன்’ என்று முடித்துவிடாதீர்கள். ‘பாரோ மீ யுவர் பென்’ என்ற பிழை அங்கேதான் பிறக்கிறது. திருப்பித் தருவதாக வாங்குபவர் செய்வது ‘பாரோ’, கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’. ஒரு ரப்பரை இரண்டு பேர் கைமாற்றி, அவரவர் செய்வதை அவரவரே சொல்லட்டும்.

கேள்வி: அகராதியைப் புரட்டினால் விளக்கம் அந்தச் சொல்லைவிடக் கடினமாக இருக்கிறதே?

பதில்: அது பெரியவர்களுக்கான அகராதியாக இருக்கும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தனி அகராதிகள் உண்டு. 1978-ல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே மற்றவற்றை விளக்கியது. 1987-ல் வந்த கோபில்ட், பொருளை முழு வாக்கியமாகவே சொன்னது. சிறுவர்களுக்கு இந்த வாக்கிய முறை மிகவும் பொருந்தும்.

நீங்களே எழுதுவதானால், அது என்ன வகைப் பொருள், அதே வகையில் மற்றவற்றிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்ற இரண்டும் விளக்கத்தில் இருக்க வேண்டும். ‘நைஃப்’ என்பதற்கு ‘வெட்டும் கருவி’ என்று மட்டும் எழுதினால் கத்தரிக்கோலும் அதில் அடங்கிவிடும். ‘ஒரு கைப்பிடி, ஒரு அலகு’ என்று சேருங்கள். ‘பிக்’ என்றால் ‘லார்ஜ்’, ‘லார்ஜ்’ என்றால் ‘பிக்’ என்று சுற்றவிடவும் வேண்டாம். எழுதி முடித்ததும் சொல்லை மறைத்து, விளக்கத்தை மட்டும் வாசியுங்கள். மகள் வேறு பொருளைச் சொன்னால், அந்தப் பொருளுக்கு இல்லாத ஓர் அடையாளத்தைச் சேர்த்து மறுபடி வாசித்துப் பாருங்கள்.