மூச்சுமுட்டும் கட்டியும் பிழைத்துக்கொள்ளும் செல்லும்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அதன் நடுப்பகுதி செத்துப்போயிருப்பதாக ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது. மீதியும் தானாக அழிந்துவிடுமா டாக்டர்?

அப்படி நம்பிக் காத்திருக்க வேண்டாம். கட்டி வளர்ந்த வேகத்துக்கு ரத்த ஓட்டம் ஈடுகொடுக்கவில்லை என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. ரத்தநாளத்திலிருந்து ஆக்சிஜன் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் ஊடுருவும். அதற்கு அப்பால் உள்ள செல்கள் சாகின்றன. செத்தவற்றைவிட, எல்லையோரத்தில் அரைகுறை ஆக்சிஜனில் தாக்குப்பிடிக்கும் செல்கள்தான் எனக்குக் கவலை.

நம் செல்களில் ஹிஃப் என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதை அடையாளம் கண்டு சில நிமிடங்களிலேயே சிதைவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். புது ரத்தநாளங்களை வரவழைக்கும் மரபணுக்களையும், குளுக்கோஸைக் கூடுதலாக உள்ளே இழுக்கும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். உயரமான மலைப் பகுதிகளில் நம் உடல் சமாளிப்பதும் இதே ஏற்பாட்டால்தான். புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதன் இயக்கத்தை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிறுநீரகப் புற்றில் இன்னொரு சிக்கல். அதன் மிகப் பரவலான வகையில், விஎச்எல் மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். ஆக்சிஜன் இருந்தாலும் ஹிஃப் அடங்காது. இதே பாதையைத் தடுக்கும் பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2021-இல் முதல் அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கு எது பொருந்தும் என்பது கட்டியின் வகையையும் பரவலையும் பொறுத்தது. அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரையும் சோறும் நிறுத்திவிட்டால் புற்றுநோய் செல் பட்டினியில் செத்துவிடும் என்கிறார்கள். அம்மா இப்போது கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார்.

தயவுசெய்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுங்கள். பல புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் விழுங்குவது உண்மை. 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கவனித்தார். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் அதனால்தான். ஆனால் நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோகாது. தசைப் புரதத்தைக் கரைத்தாவது கல்லீரல் அதைத் தயாரித்துவிடும். போதாததற்கு, புற்றுநோய் செல் அமினோ அமிலங்களையும் கொழுப்பையும் எரிக்கும், தனக்குள் இருக்கும் பழைய பாகங்களையே செரித்துப் பிழைக்கும். இந்தச் சுயசெரிப்பின் அடிப்படையை ஆராய்ந்த ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. பட்டினியைத் தாங்குவதில் அந்தச் செல் தேர்ந்தது, அம்மாவின் உடல் அப்படியல்ல. எடை குறைந்தால் கீமோவைத் தாங்கும் தெம்பும் குறையும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். நீரிழிவு இருந்தால் மட்டும் சர்க்கரைக் கட்டுப்பாடு வழக்கம்போல் தொடரட்டும்.

காரத்தன்மையுள்ள தண்ணீர் குடித்தால் கட்டியின் அமிலம் முறியுமா?

முறியாது. கட்டியைச் சுற்றிலும் அமிலம் கூடுதலாக இருப்பது நிஜம்தான். ஆனால் அது அந்தச் செல்களே வெளியேற்றுவது. ரத்தத்தின் பிஎச் அளவை, அதாவது அமில-காரச் சமநிலையை, நுரையீரலும் சிறுநீரகமும் 7.4-ஐ ஒட்டியே வைத்திருக்கும். குடிக்கும் தண்ணீரால் அது மாறாது. அந்தப் பணத்தில் பழம் வாங்குங்கள்.

தொண்டைப் புற்றுக்கு 35 தவணை கதிர்வீச்சு சொல்லியிருக்கிறார்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் என்ன?

ஒரேயடியாகக் கொடுத்தால் சுற்றியுள்ள நல்ல திசு தாங்காது. சிறு தவணைகளாகக் கொடுத்தால் அதற்குப் பழுது பார்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கதிர்வீச்சு உண்டாக்கும் டிஎன்ஏ சேதத்தை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். அது இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். முதல் தவணைகளில் ஆக்சிஜன் உள்ள செல்கள் சாக, மிச்சமிருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டத் தொடங்கும். அப்போது அடுத்த தவணை அவற்றைத் தாக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சிகிச்சைக் காலத்தில் புகைக்காதீர்கள். பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தசோகை இருந்தால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள். இடையில் நாள் விடுவதும் கூடாது.

மார்பகப் புற்று குணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு எலும்பில் வந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே இருந்தது? எனக்கும் அதே வகை, மாத்திரை மூன்றாவது வருடம்.

அக்காவுக்கு நேர்ந்தது கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் இப்படித் தாமதமாகத் திரும்புவது உண்டு. முதல் கட்டியிலிருந்து கிளம்பிய சில செல்கள் எலும்பு மஜ்ஜை போன்ற அந்நிய இடத்தில் போய்ச் சேர்கின்றன. வளர்ச்சிக்கான சமிக்ஞை அங்கே போதாது, நோய் எதிர்ப்பு செல்களின் நெருக்கடியும் உண்டு. பெரும்பாலானவை செத்துவிடும். சில மட்டும் பிரிவதை நிறுத்திக்கொண்டு கிடக்கும். பல கீமோ மருந்துகள் பிரியும் செல்லைக் குறிவைப்பவை என்பதால் இவை தப்பிவிடுகின்றன. எது அவற்றை மறுபடி எழுப்புகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

டமாக்சிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மூட்டு வலியோ உடல் சூடோ தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்; வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது.