மறைந்தவரின் வருமான வரிக் கணக்கு: சிங்கப்பூர் வாசகர்களுக்குப் பதில்கள்

தமிழ்நாட்டில் காலமான பெற்றோரின் இந்திய வருமான வரிக் கணக்கை இங்கிருந்தபடியே இணையத்தில் தாக்கல் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, இதைத் தொழிலாகச் செய்துவரும் கணக்காளர் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

ஈசூன் வாசகி: அப்பா செப்டம்பர் 10 அன்று தஞ்சாவூரில் காலமானார். வைப்புநிதி வட்டியில் வங்கி வரி பிடித்திருக்கிறது. அவருடைய கைபேசியும் கடவுச்சொல்லும் என்னிடம் உள்ளன. அவர் கணக்கிலேயே நுழைந்து தாக்கல் செய்யலாமா ஐயா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அம்மா. அவர் கைபேசிக்கு வரும் ஓடிபியை இட்டுச் சரிபார்த்தால், காலமானவரே உறுதிமொழி அளித்ததாகப் பதிவாகிவிடும். இந்திய வருமான வரிச் சட்டம் அந்தப் பொறுப்பை வாரிசிடம்தான் ஒப்படைக்கிறது. எனவே உங்கள் சொந்தப் பான் எண்ணில் (வருமான வரித் துறை தரும் நிரந்தரக் கணக்கு எண்) அத்துறையின் இணையவாசலுக்குள் சென்று, இறந்தவரின் சட்டப்படியான வாரிசாக உங்களைப் பதிவு செய்துகொண்டு, அப்பாவின் பான் அட்டை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைப் பதிவேற்றுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவு செய்யப்பட்ட உயிலோ அரசின் குடும்ப ஓய்வூதியச் சான்றோ இருந்தாலும் ஏற்பார்கள். ஒப்புதல் வந்தபின், ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 10 வரையிலான வருமானத்தை மட்டும் அப்பாவின் கணக்கில் காட்டுங்கள். அதற்குப் பிந்தைய வட்டி அவருடைய வருமானம் ஆகாது.

பதிவேற்றுமுன் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். என் தந்தையாரின் பான் அட்டையில் தாத்தாவின் பெயர் முழுமையாக இருக்க, இறப்புச் சான்றிதழில் 'மு.' என்ற தலைப்பெழுத்து மட்டுமே இருந்ததால் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்த பிறகே ஏற்றார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: நான் சிங்கப்பூர்க் குடிமகன், எனக்குப் பான் எண் இல்லையே?

முதலில் பான் எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தனிப் படிவம் உண்டு. ஊரில் இருக்கும் உங்கள் தாயாருக்குப் பான் எண் இருந்தால், அவரே வாரிசாகப் பதிவு செய்வது எளிது.

தோ பாயோ வாசகர்: அப்பாவின் சிம் அண்ணனிடம் இருக்கிறது. ஓடிபியை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

பொங்கோல் வாசகர்: மூத்த மகன் நான் இருக்க, மணமாகிப் போன தங்கை எப்படி வாரிசாகப் பதிவு செய்யலாம்? பிறகு வீடும் அவள் பெயருக்குப் போய்விடாதா?

போகாது. இந்தப் பதிவு வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடமையைத் தருகிறதேயன்றிச் சொத்துரிமையைத் தருவதில்லை. உயில் எழுதாமல் மறைந்த இந்து ஒருவருக்கு மனைவி, மகன், மகள், தாய் அனைவரும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளே. மகளுக்கு மணமாகியிருப்பது இதை மாற்றாது.

பொங்கோல் வாசகர் (மீண்டும்): ஈமக்கடன் செய்தவன் நான். வரிப் பாக்கி இருந்தால் நான்தானே கட்ட வேண்டியிருக்கும்?

கொள்ளி வைத்தவர் யார் என்று வரிச் சட்டம் கேட்பதில்லை. பாக்கி இருந்தாலும், மறைந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கு மேல் வாரிசு தம் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் தங்கை முன்வந்து ஒரு வேலையைச் சுமக்கிறார். கேட்கும் ஆவணங்களை அவருக்கு அனுப்பிவையுங்கள். பங்கு பற்றிய பேச்சை வழக்கறிஞரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வாசகி: கணவர் இங்கேதான் வேலை பார்த்தார். இந்தியாவில் வருமானம் இல்லை.

அப்படியானால் சிங்கப்பூரின் உள்நாட்டு வருவாய் ஆணையத்தை அணுகுங்கள். 2008 பிப்ரவரி 15 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு இங்கே மரணச் சொத்து வரி இல்லை. ஆனால் மறையும் நாள் வரை அவர் ஈட்டிய வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான அவருடைய சிங்பாஸைத் தொடாதீர்கள்.

பிடோக் வாசகர்: தாக்கல் செய்துவிட்டேன். சரிபார்ப்புக்கு அப்பாவின் ஓடிபி வேண்டுமா?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: வேண்டாம். சரிபார்க்க வேண்டியவர் வாரிசாகிய நீங்கள். உங்கள் ஆதாரோடு இணைந்த இந்திய எண் இங்கே இயங்காவிட்டால், ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, நீங்களே கையெழுத்திட்டு வருமான வரித் துறையின் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். தாக்கல் செய்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம் என்பதால், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.