முத்திரை பட்டுக்கு, ஜரிகைக்கு அல்ல

கேள்வி: மகளின் கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிப் பட்டில் சில்க் மார்க் அட்டை இருக்கிறது. இரண்டே வருடத்தில் மடிப்பு ஓரங்களில் ஜரிகை சிவந்து தெரிகிறது. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, திருச்சி

பதில்: அட்டை பொய் சொல்லவில்லை. பாவும் ஊடையும் (நெடுக்கு, குறுக்கு நூல்கள்) அசல் பட்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஜரிகையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. கடையில் அட்டையைக் காட்டிவிட்டு ஜரிகைப் பேச்சைத் தாண்டிப் போவது பழைய வித்தை.

அசல் ஜரிகை என்றால், சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழையின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு ஜரிகை இழையை எடுத்து, கம்பிச் சுற்றை நகத்தால் உரித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளை நூல் வந்தால் சந்தேகம்தான். சிவப்பு வந்தாலும் நம்பிவிடாதீர்கள், போலியிலும் சிவப்பு நூல் வைக்கிறார்கள். அந்த நடு நூலைக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலானால் பட்டு. உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியெஸ்டர்.

சிவப்பாகத் தெரிவதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டவும் முடியாது. அசல் ஜரிகையின் வெள்ளியிலும் செம்பு கலந்திருக்கும்; கூட்டுறவுச் சங்கச் சேலைகளின் ஜரிகைக்கு வைத்திருந்த அளவிலேயே வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவீதம். முலாம் தேய்ந்தால் அந்தச் செம்போ உள்ளே இருக்கும் சிவப்பு இழையோ தெரியலாம். ஜரிகை கறுப்பது வேறு விஷயம். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். சென்ட் நேராகப் பட்டாலும் நிறம் கெடும். வெள்ளி எவ்வளவு என்று உறுதியாகத் தெரிய எக்ஸ்ஆர்எஃப் கருவியில் (எக்ஸ் கதிரால் உலோகத்தை அளப்பது) வைத்துப் பாருங்கள். சேலையை வெட்ட வேண்டாம், உலோக சதவீதம் திரையில் வந்துவிடும்.

கேள்வி: ‘டெஸ்டட் ஜரி’ என்கிறார்களே, சோதித்துத் தேர்ந்த ஜரிகையா?
– வாசகர், சேலம்

பதில்: பெயரைக் கேட்டு ஏமாறுவோர்தான் அதிகம். பெரும்பாலும் அது செம்புக் கம்பிக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சும் தங்க நிறமும் கொடுத்த ரகம். விலை குறைவு, அந்த விலைக்கு வாங்கினால் தவறில்லை. அசல் ஜரிகைக்கான விலை கேட்டால், ‘வெள்ளி இத்தனை சதவீதம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பியூர் ஜரி’ என்று மட்டும் எழுதினால் போதாது.