மூன்று ஆர்வம், ஒரு கேள்வி

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். வரலாறும் பத்திரிகைத் துறையும் அதே அளவு பிடிக்கும். மூன்றையும் சேர்த்துச் செய்ய வழி உண்டா? எதிலும் ஆழமில்லாமல் போய்விடுமோ?

பதில்: உண்டு. பழைய நூல்களையும் கணினியையும் சேர்ப்பது புதிதல்ல. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்க, ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் 1949-லேயே ஐபிஎம் நிறுவனத்தின் உதவியை நாடினார்.

மூன்றுக்கும் தனித்தனி கோர்ஸ் தேடாதீர்கள். ஒரு கேள்வியைப் பிடியுங்கள்: பழைய வார இதழ் ஒன்றில் வானொலி பற்றிய பேச்சு எப்போது கூடுகிறது? தொடங்க இருபது இதழ்கள் போதும். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் கொடுங்கள். பக்கத்தில் எழுத்து இரண்டு நெடுவரிசையாக இருந்தால் முன்பே தனித்தனியாக வெட்டிவிடுங்கள். இல்லையேல் வரிகள் குறுக்கே ஒட்டிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களில் மென்பொருள் தடுமாறும். சில பக்கங்களையாவது கண்ணால் சரிபாருங்கள்.

இன்னொரு கண்ணி, கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு. 'கொ' என்பதில் ஒகரக்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் 'வானொலி' போன்ற சொல்லைத் தேடும்போது எண்ணிக்கை குறையும். பைத்தான் நிரல்மொழியில் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும் சீர்வடிவம்) மாற்றிவிட்டு எண்ணுங்கள். 'ரேடியோ'வையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஆழத்துக்கு வருவோம். நிரலாக்கத்தைப் பட்டப்படிப்பே பார்த்துக்கொள்ளும். மிச்ச நேரத்தை வரலாற்று வாசிப்புக்குக் கொடுங்கள். எண்ணிக்கை ஏன் ஏறியது என்று நிரல் சொல்லாது. முடிவை 800 சொல்லில், துறைக்கு வெளியே உள்ளவருக்குப் புரிகிற கட்டுரையாக எழுதுங்கள். பத்திரிகைப் பயிற்சி அதிலேயே வந்துவிடும்.